ஆண்டுக் கடைசியில் பதினேழு நாள் அடைத்து வைப்பது நட்டமா?

டிசம்பர் 18, வாசகர் ஒருவரின் கேள்வி

வீடுகளுக்கு மறுவண்ணம் அடிக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். ஆண்டின் கடைசி வாரங்களில்தான் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள்; புத்தாண்டுக்குள் முடித்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களும் அப்போதுதான் அதிகம். அந்த நேரம் பார்த்துத் தொழிலை அடைத்துவிட்டு ஓய்வெடுப்பதாக இங்கே சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு அது வசதி உள்ளவர்களின் ஆடம்பரமாகத் தோன்றுகிறது. அடித்த நாளுக்குத்தான் நமக்குக் கூலி. மறுப்பவர்கள் கணக்கோடு மறுக்கவும்.

டிசம்பர் 18, இரவு, அதே தொழில் செய்யும் இன்னொருவரின் பதில்

நான் மறுக்கிறேன். நானும் நான்கு ஆட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 60 வீடுகளில் வேலை செய்கிறோம். மூன்று ஆண்டுகளாக டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை யாரும் தூரிகையைத் தொடுவதில்லை. அந்தப் பதினேழு நாளில் சிறிய வீடுகளாக இரண்டு அல்லது மூன்றை முடித்திருக்கலாம் என்பதும், அந்த வருமானம் எங்களுக்கு இல்லாமல் போகிறது என்பதும் உண்மைதான். ஆனால் கூரையின் அடிப்பக்கத்துக்கு இரண்டு கை, அதாவது இரண்டு முறை, வண்ணம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு அன்றிரவு கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகத்தான் அடைக்கிறோம்.

டிசம்பர் 19

இன்று கடைசி நாள். தூரிகைகளைக் கழுவிக் காயவைத்தோம். தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தோய்ந்தவற்றுக்குத் தண்ணீர் போதும். கதவு, சன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் சார்ந்த எனாமல் தோய்ந்தவற்றை டர்பன்டைனில் இரண்டு முறை அலச வேண்டும். மிச்சமிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றின் மேலும் எந்த வீடு, எந்த அறை, எந்த நாள் என்று எழுதி ஒட்டினோம். இதைச் செய்யாமல் விட்ட ஓர் ஆண்டில், மூன்று வெள்ளை டப்பாக்களுக்கு நடுவில் எது யாருடைய வெள்ளை என்று தெரியாமல் அரை நாள் நின்றிருக்கிறேன். வெள்ளையில் எத்தனை வகை உண்டு என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

டிசம்பர் 21

கணக்குக் கேட்டவருக்கு உடம்பு நோவைச் சொன்னேனே ஒழியக் கணக்கைச் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு, குறை சொல்லி வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிட்ட வேலைகளை அதில் எழுதி வைப்போம். விடுமுறையில் மட்டும்தான் அதைப் பொறுமையாகப் புரட்ட முடிகிறது. சென்ற நவம்பர் முதல் இந்த அக்டோபர் வரை முடித்த 61 வேலைகளில் 11 வேலைகளுக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 22

11 என்று எழுதியது தவறு, 13. இரண்டு பக்கங்கள் சிந்திய வார்னிஷில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஆவியில் காட்டிப் பிரித்தேன்.

பிரித்த பிறகு எண்ணைவிட நாட்கள்தான் என்னை உறுத்தின. 13 வேலைகளில் 6 வேலைகள் சென்ற ஆண்டு நவம்பர் 8 முதல் டிசம்பர் 19 வரையிலான ஆறு வாரங்களில் முடித்தவை. அந்த ஆறு வாரங்களில் நாங்கள் முடித்த மொத்த வேலைகள் 9. எஞ்சிய ஆண்டு முழுவதும் முடித்த 52 வேலைகளுக்கு 7 குறைகள். கடைசி ஆறு வாரத்தின் 9 வேலைகளுக்கு 6 குறைகள். நோட்டை மூடிவிட்டு மீண்டும் திறந்து எண்ணினேன், எண் மாறவில்லை.

டிசம்பர் 23

ஒரு திருத்தம். அந்த ஆறில் ஒன்று எங்கள் மேல் வைக்கக் கூடிய குறை அல்ல. நாங்கள் முடித்துவிட்டு வந்த பிறகு சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் உடைந்து சுவர் நனைந்தது. அதேபோல மற்ற ஏழிலும் ஒன்றைக் கழிக்கலாம்: வெள்ளை எனாமல் அடித்த அலமாரியின் உட்புறம் மஞ்சளாகிவிட்டது என்று ஒருவர் கூப்பிட்டார். சமையலறைப் புகை படிந்திருக்கும், துடைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆக மொத்தம் 11. முதல் நாள் தவறாக எழுதிய எண் தற்செயலாகச் சரியாகிவிட்டது. ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்கு என்னைவிட விவரம் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 24

கடைசி ஆறு வாரத்தில் எஞ்சிய அந்த ஐந்து குறைகளும் என்னென்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஐந்துக்கும் வேர் ஒன்றுதான்.

இரண்டு வீடுகளில் சுவர் கொப்புளித்தது. இரண்டிலும் பழைய சிமென்ட் பூச்சு பெயர்ந்த இடத்தில் புதிய பூச்சு வைக்கப்பட்டிருந்தது. புதிய பூச்சு உள்ளீரத்தை விட்டு ஆறுவதற்கு 28 நாட்கள் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஈரம் ஒரு பக்கம் இருக்க, புதிய சிமென்டின் காரத்தன்மையும் கடுமையானது. அதன் பிஎச் அளவு 12க்கும் மேல் இருக்கும். அந்தக் காரம் எண்ணெய் கலந்த பெயின்டைச் சோப்பாக்கிவிடும், எமல்ஷனில் உள்ள சில நிறங்களை வெளுக்கச் செய்யும். ஈரம் வெளியேறும் வழியில் பூச்சுக்குள் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து சுவரின் முகத்தில் வெள்ளைப் பொடியாக விட்டுப் போகும். உப்புப் பூத்திருக்கிறது என்று சொல்வது இதைத்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு வீட்டில் பூச்சு வைத்த ஒன்பதாம் நாள், வண்ணத்துக்கு அடியில் வரும் பிரைமரை அடித்தோம். கையை வைத்துப் பார்த்தபோது சுவர் காய்ந்துதான் இருந்தது. சுவரின் முகம் காய்வதும் சுவர் காய்வதும் வேறுவேறு.

இரண்டு வீடுகளில் கதவுகள். எனாமல் காய்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்றதன்று. கரைப்பான் ஆவியான பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது. முகத்தில் தோல் கட்டிய பிறகும் அடியில் மென்மையாகவே இருக்கும். அந்த நிலையில் இரண்டாவது கையை அடித்தால், மேலே இருப்பதன் கரைப்பான் கீழே இருப்பதை ஊறவைத்து, பரப்பு முழுவதும் விரலைத் தண்ணீரில் ஊறவைத்தாற்போல் சுருங்கிவிடும். ஒரு வீட்டில் அப்படித்தான் சுருங்கியது. இன்னொரு வீட்டில் கதவு நன்றாகவே இருந்தது. ஆனால் அடித்த மறுநாளே வீட்டார் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள், திரும்பி வந்து திறந்தபோது கதவு சட்டத்தின் வண்ணத்தைப் பட்டையாக உரித்துக்கொண்டு வந்தது.

ஐந்தாவது வீட்டில், பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கப் பட்டி வைத்த இடங்கள் மட்டும் மங்கலான திட்டுகளாகத் தெரிந்தன. பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு அந்த இடங்களுக்கு மீண்டும் பிரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை வண்ணத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். அன்று சாயங்காலம் அதற்கு நேரமில்லை என்று நானே சொன்னேன். யார் சொன்னது என்று நோட்டில் எழுதவில்லை, நினைவில் இருக்கிறது.

டிசம்பர் 26

ஒரு நாள் எதுவும் எழுதவில்லை. வீட்டு அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தேன். அந்தக் கதை பிறகு.

முதலில் கேள்வி கேட்ட நண்பர் நேற்று எழுதிய இரண்டு வரியை இங்கே எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அது சரியான அடி: "உங்கள் கணக்குப்படி பார்த்தால் குறைகள் எல்லாம் விடுமுறைக்கு முந்திய அவசரத்தில் வந்தவை. அடைக்கும் தேதி இல்லாவிட்டால் அந்த அவசரமும் இருந்திருக்காது அல்லவா?"

இதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிசம்பர் 20 என்று ஒரு கோட்டைக் கிழித்தது நான். அந்தக் கோட்டுக்கு முன்னால் எல்லா வீடுகளையும் தள்ளி முடித்ததும் நான். வழக்கமாக ஆறு வாரத்தில் ஏழு வீடுகள் முடிப்போம். அந்த முறை ஒன்பது. விடுமுறையில் இழக்கும் வேலைகளில் இரண்டை முன்கூட்டியே பிடித்துக்கொண்டேன் என்று அப்போது மனத்துக்குள் மகிழ்ந்திருந்தேன். அந்த இரண்டின் வருமானத்தைவிட ஐந்து வீடுகளைத் திரும்பச் சுரண்டி, பட்டி பார்த்து, அடித்துக் கொடுத்த நாட்கள் அதிகம். திரும்பப் போய்ச் செய்த வேலைக்கு யாரிடமும் பணம் வாங்கவில்லை.

ஆகவே 18ஆம் தேதி நான் எழுதியதில் பாதி தவறு. நண்பர் சொல்வதிலும் பாதியை ஏற்க மாட்டேன். அடைக்கும் தேதியே இல்லாத ஆண்டுகளையும் பார்த்தவன் நான். அப்போது டிசம்பர் 31 என்ற கோடு வாடிக்கையாளர் மனத்தில் இருந்தது. கோடு யாருடையது என்பது மட்டும்தான் வேறுபாடு.

டிசம்பர் 26, இரவு

அலமாரிக் கதை. எங்கள் வீட்டு அறை ஒன்றில் சன்னல் சட்டத்துக்கும் அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் மரப் பலகைக்கும் ஏழு ஆண்டுக்கு முன் ஒரே டப்பாவிலிருந்து வெள்ளை எனாமல் அடித்தேன். நேற்று அலமாரியை நகர்த்தியபோது சன்னல் சட்டம் வெள்ளையாகவே இருந்தது; பின்னாலிருந்த பலகை பழைய பல்லைப் போல மஞ்சளாக இருந்தது. அந்த அறையில் சமையல் இல்லை, புகை பிடிப்பவர் எவரும் இல்லை. எண்ணெய் சார்ந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்த மஞ்சள் வெளுத்துப்போகும். அலமாரியின் உட்புறம் வெளிச்சமே காணாத இடம். கூடவே, அடைத்த அறைக்குள் அம்மோனியா கலந்த பொருட்களின் ஆவி படிந்தால் இன்னும் விரைவாக மஞ்சளாகும். புதிதாக அடித்த எமல்ஷன் சிலவற்றிலிருந்தும் அந்த ஆவி வரும்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் தொலைபேசியில் ஒருவர் குறை சொல்லும்போது, தெரிந்ததை நினைவுபடுத்திக்கொள்வதற்கு முன்னால் சமையலறைப் புகை கைக்கு வந்துவிட்டது. கணக்கைத் திருத்துகிறேன்: 12. கடைசி ஆறு வாரத்தில் 5, மற்ற நாட்களில் 7. இனிமேல் இந்த எண்ணைத் தொட மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 27

அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டேன். புகை என்று சொன்னது தவறு, அங்கே தண்ணீர் கலந்து அடிக்கும் வெள்ளையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், ஜனவரியில் வந்து மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். எட்டு மாதமாக அந்தத் தட்டுகளை வாரந்தோறும் துடைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 28

விடுமுறையில் ஆட்களுக்குக் கூலி உண்டா என்ற கேள்வி வந்திருக்கிறது. உண்டு. முதல் ஆண்டு பாதிக் கூலி கொடுத்தேன், அதனால் யாரும் ஓய்வெடுக்கவில்லை. வேறு இடங்களில் வேலைக்குப் போனார்கள், ஜனவரியில் இன்னும் களைத்து வந்தார்கள். இப்போது ஒவ்வொரு வேலையின் வருமானத்திலிருந்தும் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவைத்து, பதினேழு நாளுக்கும் முழுக் கூலி கொடுக்கிறேன். இதை விலையில் சேர்க்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. என்னைவிடக் குறைத்து விலை சொல்லும் ஆள் எப்போதும் ஒருவர் இருக்கிறார். அவர் தம் கூலியை எங்கே குறைக்கிறார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் குறைத்துக்கொண்டிருந்தேன்.

முழுக் கூலி கொடுத்தால் ஓய்வெடுப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களில் இளையவர் நேற்று ஒரு படம் அனுப்பினார்: மாமா வீட்டுக் கூடம், புதிய வண்ணம், ஓரங்களில் கோடு பிசகாமல். அழகாகத்தான் அடித்திருக்கிறார்.

டிசம்பர் 29

தூசியைப் பற்றியும் எழுத வேண்டும். ஆண்டின் நடுவில் எழுத உட்கார்ந்தால் இந்த விஷயம் எப்போதும் தள்ளிப்போகிறது.

பழைய வீடுகளில் சன்னல், கதவு, படிக்கட்டுக் கம்பி ஆகியவற்றின் அடியில் இருக்கும் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வெள்ளை நிறத்துக்கு ஈய வெள்ளை என்ற ஈயச் சேர்மத்தையும், மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டையும், விரைவாகக் காய்வதற்கு வேறு ஈயச் சேர்மங்களையும் நெடுங்காலம் கலந்துவந்தார்கள். வீட்டுக்குள் ஈய வெள்ளை கலந்த வண்ணம் அடிப்பதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே ஏற்றுக்கொண்டது. அது முதலில் எழுதப்பட்டதே வண்ணம் அடிக்கும் தொழிலாளர்களைக் காப்பதற்காகத்தான். இருந்தும் அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். நான் தொழில் கற்ற காலத்தில் என் மேஸ்திரி பழைய எனாமலை ஊதுவிளக்கால் பொசுக்கிச் சுரண்டுவார். நான் கீழே நின்று உதிர்வதை அள்ளுவேன். முகக்கவசம் என்பது தூசிக்குத் துணி கட்டிக்கொள்வது என்ற அளவில்தான் இருந்தது. பொசுக்குவதும் வறண்ட நிலையில் தேய்ப்பதும்தான் ஈயத்தை மூச்சில் ஏற்றும் மிக மோசமான வழிகள்.

இப்போது பழைய மரச் சட்டங்களை நனைத்துத்தான் தேய்க்கிறோம், தரையில் தாள் விரிக்கிறோம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த அறையை மூடிவைக்கிறோம். ஈயத்தில் இவ்வளவு வரைக்கும் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இந்த விடுமுறையில் ஐந்து பேரும் இரத்தப் பரிசோதனைக்குப் போனோம்.

டிசம்பர் 31

பேச்சின் இழை எங்கேயோ போய்விட்டது என்கிறார் ஒருவர். சரி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

அடைக்கும் தேதியை எடுத்துவிடப் போவதில்லை. ஆனால் அதைக் காலண்டரிலிருந்து எண்ணாமல் சுவரிலிருந்து பின்னோக்கி எண்ணப் போகிறேன். புதிய பூச்சு வைக்க வேண்டிய வீடு என்றால் 28 நாட்கள், பிறகு பிரைமர், இரண்டு முறை பட்டி, தேய்ப்பு, மீண்டும் பிரைமர், இரண்டு கை எமல்ஷன், கதவுகளுக்கு ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு முழு நாள், கடைசியில் கதவுகளைத் திறந்தபடி விட ஒரு வாரம். எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. ஆகவே பூச்சு வேலை உள்ள வீட்டை நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு ஏற்பதில்லை. வெறும் எமல்ஷன் மட்டும் என்றால் டிசம்பர் முதல் வாரம் வரை ஏற்கலாம். அந்த எமல்ஷனும் நான்கு மணி நேரத்தில் அடுத்த கைக்குத் தயாராகிவிட்டாலும், துடைத்தால் தாங்கும் அளவுக்கு இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும் என்பதை வீட்டாரிடம் எழுதியே கொடுத்துவிடப் போகிறேன்.

நண்பர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: இதனால் கடைசி ஆறு வாரத்தில் ஒன்பது வீடு என்பது ஐந்தாகக் குறையலாம்.

ஜனவரி 2

நண்பர் எழுதியிருக்கிறார்: அவரும் நோட்டு ஒன்று தொடங்கிவிட்டாராம், ஆனால் அடைக்கப் போவதில்லையாம். நல்லது. அவருடைய நோட்டு என் கணக்கைப் பொய்யாக்கினால் இங்கே எழுதட்டும். வார்னிஷைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 4

இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. எங்களில் மூத்தவரை மட்டும் மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பழைய மரச் சட்டம் தேய்க்கும் வேலை அவருக்கு இல்லை. அவர் என்னோடு அதே மேஸ்திரியிடம் தொழில் கற்றவர். நான் கீழே நின்ற நாட்களில் மேலே நின்று சுரண்டியவர்.

ஜனவரி 6

முதல் வேலை. படுக்கையறையின் ஒரு சுவரில், குளியலறைக்கு மறுபுறம், நவம்பர் கடைசியில் வேறு ஒருவர் வைத்த புதிய பூச்சு. நாள் கணக்குப்படி 28 தாண்டிவிட்டது. கையை வைத்துப் பார்த்தால் காய்ந்திருக்கிறது. சென்ற ஆண்டாக இருந்தால் மதியத்துக்குள் பிரைமர் அடித்திருப்போம். ஒன்றரை அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட்டு வந்தோம். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கத்தில் நீர் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உட்பக்கத்தில் படிந்தால் சுவரின் ஈரம்.

ஜனவரி 7

உட்பக்கத்தில் துளித்துளியாக நின்றது. வீட்டுக்காரர் அருகில் நின்று பார்த்தார். எப்போது முடியும் என்று கேட்டார். தேதி சொல்லவில்லை. மற்ற மூன்று சுவர்களில் வேலையைத் தொடங்கிவிட்டு, அந்தச் சுவரில் புதிய தாளை ஒட்டிவிட்டு வந்திருக்கிறோம்.